மலையை வெட்டும் முன் பழைய கட்டடத்தைப் பாருங்கள்

மாணவர்களே, திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜாவுக்குப் போகும்போது சாலையோரச் சரிவுகளைக் கவனியுங்கள். புதிதாக வெட்டிய இடத்தில் மண் பளிச்சென்று தெரியும். மழை பெய்தால் அது ஓடையில் இறங்கி ஆற்றைச் சேரும். தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. அங்குள்ள சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. சரிவுகளில் நடக்கும் விவசாயமும் கட்டுமானமும் தள்ளிவிடும் வண்டலால் அந்த நீர்த்தேக்கம் தூர்ந்து வருகிறது.

ஆகவே கேமரன் மலையில் கடையோ விடுதியோ தேவைப்பட்டால், சும்மா கிடக்கும் பழைய கட்டடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். முடியுமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையில் ஓர் உதாரணம் இருக்கிறது. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை அது.

அந்தக் காலத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஏன் அத்தனை மாடிகள்? பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு நீர்தான். உருட்டுவதற்கு முன் அதில் கணிசமான ஈரம் போக வேண்டும். அதற்காக மேல்தளங்களில் கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, பல மணி நேரம் காற்றில் வாட்டினார்கள். வரிசை வரிசையாக ஜன்னல்கள் வைத்தது அதனால்தான். பிறகு விசிறி பொருத்திய நீளமான தொட்டிகள் வந்தன. குறைந்த இடத்தில் நிறையக் கொழுந்து வாடியது. மாடிகளுக்கு வேலை இல்லாமல் போனது.

ஹெதர்செட் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 1996இல் அது விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடிய தளங்களில் இன்று விருந்தினர் அறைகள். காற்றுக்காக வைத்த ஜன்னல்கள் இப்போது வெளிச்சம் தருகின்றன. பழைய எஞ்சினையும் விசிறிகளையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. (இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால் நல்ல காசு கிடைத்திருக்கும்!)

இதில் வேதியியலும் உண்டு. சிமெண்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால், எரிபொருள் புகையைச் சேர்க்காமலேயே 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். நிற்கிற கட்டடத்துக்கான வாயு எப்போதோ வெளியேறிவிட்டது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் இரண்டாம் முறையும் வெளியேற்றுகிறோம்.

எல்லாப் பழைய கட்டடமும் இதற்கு ஏற்றதல்ல. மெல்லிசாகப் பரப்பிய கொழுந்தைத் தாங்கிய மரத்தளம் குளியலறைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் தாங்குமா என்று பொறியாளர் கணக்கிட வேண்டும். கறையான் அரிப்பைச் சோதிக்க வேண்டும். தீ விபத்தில் வெளியேற இரண்டாவது படிக்கட்டு வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில சமயம் புதுக் கட்டடத்தையே மிஞ்சிவிடும்.

கந்தப்பளை மாதிரியில் எனக்கு ஒரே ஒரு குறை. கட்டடம் பெரும்பாலும் பயணிகளுக்கே போய்விட்டது. நம் மலையில் செய்தால் கீழ்த்தளத்தில் காய்கறி, பூ விற்கும் உள்ளூர்க் கடைகள் இருக்கட்டும். மேலே விடுதி நடக்கட்டும். நடுவில் ஒரு தளத்தைத் தோட்டப் பிள்ளைகளின் படிப்பறைக்கும் அறிவியல் கூடத்துக்கும் ஒதுக்க வேண்டும். அந்த மாடிகளுக்குக் கொழுந்து சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா அவர்கள்!