மாத்திரைச் சீட்டில் விடுபட்ட வரி

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று போனாலும், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் திரும்பினாலும், கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் கண்ணில் படாமல் இருக்காது. ஆனால், 'விசேஷம் ஏதும் உண்டா?' என்ற கேள்வி துரத்தத் தொடங்கியதும் ஒரு பெண் முதலில் போவது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்து மகப்பேறு மருத்துவரிடம்தான். மாதவிலக்கின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் விழுங்கும் மாத்திரையோடு சிகிச்சை ஆரம்பிக்கிறது. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், தம்பதிக்கு முறையான ஆலோசனை தர வேண்டும் என்று மையங்களைப் பணிக்கிறது. அந்தச் சட்டத்தின் எல்லையோ விந்தணுவையும் கருமுட்டையையும் உடலுக்கு வெளியே கையாளும் சிகிச்சைகளோடு நின்றுவிடுகிறது. மாத்திரை மட்டும் சாப்பிடும் பெண் அதற்குள் வரமாட்டார். கடைசிப் படியில் ஆலோசகரை உட்காரவைத்துவிட்டு, முதல் படியை மறந்துவிட்டோம்.

அந்த மாத்திரைகளில் ஒன்றான குளோமிஃபீன் வேலை செய்வதே மூளையில்தான். ஹைப்போதலாமஸில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளை அடைத்து, அந்த ஹார்மோன் குறைந்துவிட்டதாக மூளையை நம்பவைக்கிறது. பதறிய மூளை சினைப்பையை முடுக்கிவிடுகிறது. உடல் தகிப்பு 10 சதவீதம் பேருக்கு வருவதாக அமெரிக்க மருந்துக்குறிப்பு சொல்கிறது. புழக்கத்துக்கு வந்தபின் தெரிவிக்கப்பட்ட விளைவுகளில் பதற்றம், எரிச்சல், மனநிலை மாற்றம், உளப்பிறழ்வுகூட அதில் உண்டு. மருந்தின் எச்சம் ஆறு வாரம்வரை கழிவில் தென்படுகிறது. அடுத்த மாதவிலக்குக்கோ நான்கு வாரம்தான். முந்தைய மருந்து முழுதாக வெளியேறும் முன்பே, ஏமாற்றமும் அடுத்த மாத்திரையும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

மனச்சோர்வுக்குக் காரணம் மருந்தல்ல, குழந்தையில்லாத ஏக்கமும் ஊர்ப்பேச்சும்தான் என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பது உண்மை. ஆனால், ஏற்கெனவே பாரம் சுமப்பவரிடம் மருந்தின் பாரத்தையும் ஏற்றும்போது கூடுதலாக விசாரிப்பதுதானே முறை? பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார் என்பது இன்னொரு வாதம். சொல்லாவிட்டால் நடப்பதைப் பாருங்கள்: மருந்து கிளப்பிய எரிச்சலைக் கணவர் 'திமிர்' என்பார், மாமியார் 'வாய் நீளம்' என்பார், அந்தப் பெண்ணே தன் குணக்கேடு என்று நம்பிவிடுவார். தவிர, மாற்றும் இருக்கிறது. 2011-இல் இந்தியா கருத்தரிப்புக்குத் தடைசெய்து 2017-இல் மீண்டும் அனுமதித்த லெட்ரோசோல், உடலைவிட்டு விரைவாக வெளியேறும். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் மனதைத் தொடவே தொடாது என்று சொல்லவில்லை. அதிலும் சோர்வும் தலைச்சுற்றலும் உண்டு. ஆனால், மருந்தை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கவே முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நேரமில்லை என்பது ஏற்கத்தக்க பதிலல்ல. கருமுட்டை வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனுக்கு அந்தப் பெண் ஒரே மாதத்தில் மூன்று நான்கு முறை வருகிறார். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறோம். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்ற இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். இந்த மாத்திரை எழுதும் எல்லா மருத்துவமனைகளுக்கும் மாநில சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். மாத்திரை நாட்களில் காரணமில்லாத அழுகையோ எரிச்சலோ வந்தால், தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்காமல் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள்.