அடக்கி அடக்கியே வரும் நோய்

சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தே விசாரித்துக்கொள்கிறோம். மூலம் என்றால் மட்டும் கட்டின கணவனிடம்கூடப் பெண்கள் வாய் திறப்பதில்லை. பொறுக்க முடியாமல் போனால் ‘உடம்பு சூடு’ என்பார்கள். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல். அதற்கும் அடங்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைத் தேடிப் போகிறார்கள். ஒளித்து வைக்கிற நோய்க்குத்தான் போலி வைத்தியர் கடை விரிக்கிறார்.

‘கீரை சாப்பிடு, தண்ணீர் குடி, அடக்காதே’ என்று டாக்டர்கள் சொல்வதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அதைக் கேட்டு நடக்க இந்தப் பெண்களுக்கு இடமும் நேரமும் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

திருப்பூரில் எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பெண், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். கேட்டுக் கேட்டு ஒருநாள் சொன்னாள்: “தண்ணி குடிச்சா பாத்ரூம் வருமுங்க்கா. அதனால குடிக்கறதே இல்லீங்க.” கழிப்பறைக்குப் போக அவள் லைனுக்கே ஒரு டோக்கன்தான். சூப்பர்வைசர் மேஜையருகே ஆணியில் தொங்கும். போனவர் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். இரண்டு தரம் எடுத்தால் பீஸ் கணக்கைக் காட்டி எல்லார் முன்னாலும் ஏச்சு. காலையிலோ, காம்பவுண்டுக்கே ஒரு கழிப்பறை. வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்.

எழுந்ததும், சாப்பிட்டதும் பெருங்குடல் தானே வேகம் கொள்ளும். அந்த நேரத்து உந்துதலை நாள்தோறும் அடக்கினால், அது வருவதே மங்கிப்போகும். தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகி உருண்டையாகும். பிறகு முக்க வேண்டியதுதான். ஆசனவாயின் உள்ளே இரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லாருக்கும் உண்டு. முக்க முக்க அது வீங்கி, பிடிப்பு தளர்ந்து கீழே இறங்குகிறது. அதுதான் மூலம். உள்மூலத்தில் பெரும்பாலும் வலியே இராது, பளிச்சென்ற சிவப்பு ரத்தம் மட்டும் சொட்டும். வலி இல்லையே என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகள் பாடு இன்னும் மோசம். கருப்பை கனத்து அழுத்துகிறது, ஹார்மோனால் குடல் மந்தமாகிறது, இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்குகிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் கொடுக்கிற கையோடு ‘இப்படி ஆகும், தண்ணீரும் காய்கறியும் கூட்டிக்கொள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் 11 கிராம் இருக்கிறது. எங்கள் காம்பவுண்டுப் பெண்ணுக்கோ விடியுமுன் வடித்த சோறும் ரசமும் தூக்குவாளியில் போகிறது, மாலையில் பேக்கரி பன்னும் டீயும். கொய்யாவும் கீரையும் சம்பள வாரத்தில்தான். செல்போனோடு கழிப்பறையில் அரைமணி உட்காருகிறவர்களும் இந்த நோயைத் தேடிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் நினைத்தால் எழுந்து வந்துவிடலாம். இவளால் எழுந்து போகவே முடியவில்லை.

தொழிலாளர் வேலையில் இருக்கும் எந்நேரமும் போய்வரத்தக்க கழிப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவே சொன்னது. எந்நேரமும்! சட்டமே அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்க, ஆணியில் டோக்கனை மாட்டும் உரிமையை யார் கொடுத்தது?

இதைப் படிக்கும் அக்கா தங்கைகளுக்கு: ரத்தம் போனால் எல்லாம் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். குடல் புற்றிலும் அப்படிப் போகும். அரசு மருத்துவமனையில் அறுவைசிகிச்சைப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள், சில நிமிடப் பரிசோதனைதான். ஆரம்ப நிலை என்றால் உணவும் மருந்தும் போதும், அதற்கு மேல் ரப்பர் வளையம் போட்டே பலருக்குச் சரியாகிறது. கத்திக்குப் பயந்து ஊசிக்காரனிடம் போகாதீர்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு: அந்த டோக்கனைக் கழற்றி எறியுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள், கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், போகிறவளை ஏன் என்று கேட்காதீர்கள்.