உடைந்த உருவமும் உடையாத விக்கிரகமும்

இறைவனுக்கே உரிய மகிமையை இறைவனல்லாத பிறிதொன்றற்கு அளித்தல் பெரும்பாதகம் என்பது கிறித்தவ மறையின் தலையாய கொள்கைகளுள் ஒன்று. அக்கொள்கை பழுதுடையதன்று, கடவுளுண்மை கொண்ட எச்சமயத்தார்க்கும் உடன்பாடாவதே. ஆயின், அப்பாதகம் கல்லிலும் செம்பிலும் மரத்திலும் அமைந்த உருவத்தின்கண் உள்ளதென்றும், உருவத்தைத் தகர்த்தவிடத்துப் பாதகமும் தொலைந்துபோமென்றும் கிறித்தவருள் ஒருசாரார் நெடுங்காலம் சாதித்து வந்தனர், இன்றும் சாதிப்பாருளர். அவர் கூற்று அவர்தம் மறைக்கும் ஒவ்வாது. அவர்தம் சரித்திரத்திற்கும் ஒவ்வாது. அவ்விரண்டும் முறையே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் மறையை நோக்குக. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் உருவஞ் சமைத்து வணங்குதல் விலக்கப்பட்டது. அந்நூலே 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னாலாகிய கேருபீன் உருவம் இரண்டினை அமைக்குமாறு மோசேக்குக் கட்டளையிடுகின்றது. அவ்விரண்டின் நடுவேயிருந்து ஆண்டவர் பேசுவதாகவும் கூறுகின்றது. உருவம் என்னும் அளவானே குற்றமாயின், அவ்விலக்கும் இவ்விதியும் ஒருவர் வாய்மொழியாதல் யாங்ஙனம்?

அந்நூல் 32-ஆம் அதிகாரத்தில் மக்கள் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுக்க, ஆரோன் பொற்கன்று வார்த்தான். வார்த்தவன், மறுநாள் ஆண்டவருக்கே திருவிழா என்று பறைசாற்றவும் செய்தான். கேருபீனும் பொன், கன்றும் பொன். இரண்டும் கைவினையால் ஆயின. வேற்றுமை யாதெனின், முன்னது இறைவன் ஆணைவழி அவன் வெளிப்பாட்டிற்கு இடமாயிற்று. பின்னது மக்கள் தம் விருப்பத்திற்குத் தாமே வடிவு கொடுத்து, அதன்மேல் இறைவன் பெயரைச் சூட்டியது. பாதகம் பொன்னில் இல்லை, வடிவிலும் இல்லை. தன் விருப்பத்தையே தெய்வமாக நிறுத்திய நெஞ்சில் உள்ளது.

அற்றேல், மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா மன்னன் உடைத்தது என்னை எனின், அதற்கு விடை வருமாறு. பாம்பு தீண்டினார் நோக்கிப் பிழைத்தற்பொருட்டு அச்சர்ப்பம் செய்யப்பட்டது என எண்ணாகமம் 21-ஆம் அதிகாரம் கூறும். பின்வந்த தலைமுறையினர் அதற்கே தூபங்காட்டத் தலைப்பட்டனர். மருந்தாகத் தரப்பட்டதனை மருத்துவனாகக் கொண்ட அப்பிழைபற்றியே அரசன் அதனை உடைத்தான். உடைத்த செய்தி இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தின் 18-ஆம் அதிகாரத்தில் உளது. அதற்கடுத்த அதிகாரத்திலேயே அவ்வரசன் கேருபீன்களின் நடுவே வீற்றிருப்பவர் என ஆண்டவரை விளித்து இறைஞ்சுகின்றான். உருவமெல்லாம் பாதகமென்பது அவன் கருத்தாயின் இங்ஙனம் விளித்தல் பொருந்தாது.

இனிப் பவுலடிகள் கொலோசெயர்க்கு எழுதிய நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் பொருளாசையையே விக்கிரகாராதனையென்று கூறினார். பொருளாசைக்குக் கையும் காலும் முகமும் உண்டோ? அதனைச் சம்மட்டி கொண்டு உடைத்தல் கூடுமோ? கூடாதன்றே. ஆகவே, சம்மட்டிக்கு அகப்படாத விக்கிரகமும் ஒன்றுண்டென்பது அவர் மறையாலேயே பெறப்படும்.

இனிச் சரித்திரத்தை நோக்குக. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754-ஆம் ஆண்டில் ஹையேரியா என்னுமிடத்துச் சங்கங்கூட்டினான். ஆங்குக் கூடிய ஆயர் 338 பேர் எனச் சொல்லப்படும். கிறிஸ்துவின் உருவம் எழுதுதலும் வணங்குதலும் குற்றமென அச்சங்கம் விதித்தது. இறைமகனார் உருவை எழுதலாகாதென்ற அவ்வரசன் தன் உருவை எழுதலாகாதென்றானோ? இல்லை. அவன் வெளியிட்ட பொற்காசில் ஒருபுறம் அவனும் அவன் மகனும், மறுபுறம் இறந்த அவன் தந்தையுமாக மூன்று தலைமுறை அரசர் பொறிக்கப்பட்டனர். அவனுக்கு முன்னிருந்த இரண்டாம் ஜஸ்டினியன் தன் காசில் கிறிஸ்துவின் திருமுகத்தைப் பொறித்தவன் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 787-இல் நிகேயாவிற் கூடிய சங்கம் உருவத்திற்குச் செய்யும் வணக்கத்தையும் கடவுள் ஒருவர்க்கே உரிய ஆராதனையையும் வேறுபிரித்து உருவ வணக்கத்தை மீட்டது. மீண்டும் தடையுண்டு, 843-இல் அவ்வழக்கு முடிவாக நிலைபெற்றது.

எட்டாம் ஹென்றி ஆண்ட இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. யாத்திரையும் காணிக்கையும் பெற்ற உருவங்களை அகற்றுமாறு 1538-இல் ஆணை பிறந்தது. அவ்வாண்டே காண்டர்பரியிலிருந்த தாமஸ் பெக்கெட்டின் சமாதி இடிக்கப்பட்டது. அதிற் பதித்த பொன்னும் மணியும் ஏழைகட்குச் சென்றனவோ? அரசன் பண்டாரத்தையே சென்றடைந்தன. 1536 முதல் 1540 வரையில் மடங்களெல்லாம் கலைக்கப்பட்டு, அவற்றின் நிலமும் பொருளும் அரசன் கைப்பட்டன. அவன் மகன் ஆறாம் எட்வர்டு 1547-இல் பட்டமெய்தியபின், கோயில்களினின்று சிலுவையுருவங்கள் இறக்கப்பட்டன. பல கோயில்களில் அவ்விடத்தே அரசனின் இலச்சினை தீட்டப்பட்டது. சிலுவையிலறையுண்டவரை நோக்கிய கண்கள் அரசமுத்திரையை நோக்கலாயின. இதனை விக்கிரக நாசமென்பதோ, விக்கிரக மாற்றமென்பதோ?

மத்திய காலத்து ஐரோப்பாவில் உருவங்களையும் புனிதர்தம் எச்சங்களையும் காட்டிப் பொருளீட்டிய வஞ்சகர் இருந்தமை உண்மையே. அவரைக் கடிந்தது முறையே. வஞ்சகத்தைக் களைதல் வேறு; உருவத்தைக் களைதல் வேறு. இதனைச் சீர்திருத்தம் செய்தாருள்ளும் அறிந்தார் உளர். விட்டன்பர்க் நகரில் உருவங்களை அழிக்கும் கலகம் எழுந்தபோது, 1522-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லூதர் திரும்பிவந்து எட்டு நாள் தொடர்ந்து போதித்து அதனை அடக்கினார். நெஞ்சில் உள்ள விக்கிரகம் நீங்காக்கால் கண்முன் உள்ளதை உடைத்துப் பயனில்லை என்பது அவர் கருத்து. உருவங்களைக் கோயிலில் வைக்கலாகாதென்ற கால்வினும் விக்கிரகம் பிறக்குமிடம் மனித மனமே என ஒப்பினார்.

லூதர் பிறந்த நாட்டிலேயே 1933-இல் நேர்ந்தது இவையெல்லாவற்றினும் கொடிது. இனமும் தேசமும் ஹிட்லர் என்னும் தலைவனும் கடவுள் திருவுளத்தின் வெளிப்பாடென்று சாதித்த ‘ஜெர்மானியக் கிறித்தவர்’ என்னும் கூட்டத்தார், நாஜிக் கட்சியின் கொக்கிச்சிலுவைக் கொடியைத் திருக்கோயிலுள் ஏற்றினர். அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் பெர்லின் நகரில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்ட அவர்தம் கூட்டத்தில், பழைய ஏற்பாட்டைத் தள்ளிவிடல் வேண்டுமெனப் பேசப்பட்டது. பழைய ஏற்பாடு யாது? விக்கிரகாராதனையை விலக்கிய கட்டளையைத் தன்னகத்தே உடைய நூலன்றோ! புதிய விக்கிரகம் பீடமேறுங்கால் பழைய கட்டளை அதற்குப் பொறுக்கலாற்றாததாயிற்று. இதனை எதிர்த்து 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில் பார்மென் நகரிற் கூடிய கிறித்தவர், கிறிஸ்து ஒருவரையன்றிப் பிறிதோர் அதிகாரத்தையும் கடவுளின் வெளிப்பாடாக ஏலோம் என அறிக்கையிட்டனர். அவ்வறிக்கையைப் பெரும்பான்மையும் வரைந்தவர் கார்ல் பார்த். இறைவன் மகிமையைக் காத்தல் என்பது இதுவே. அவர்தம் துணிவு எச்சமயத்தாராலும் போற்றத்தக்கது.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், இறைவன் வீற்றிருத்தற்குரிய இடம் வறிதே கிடப்பதில்லை என்பது. உருவத்தை அகற்றியவிடத்து அரசன் ஏறினான், பொருள் ஏறிற்று, இனம் ஏறிற்று. இங்ஙனம் ஏறுவது எதுவென ஆராயின், நான் எனதென நிமிரும் ஆணவமலமே பல பெயர் பூண்டு ஏறுகின்றது எனச் சைவசித்தாந்தம் தெளிவிக்கும். ஆணவம் உருவுடைய பொருளன்று. ஆகலின் உருவத்தை உடைத்தல் அதனை உடைத்தலாகாது. அருவமும் உருவமும் அருவுருவமும் ஆகி அவற்றைக் கடந்தும் நிற்கும் முதல்வன் அடியார் பொருட்டு விளங்கும் இடமே திருமேனி எனக் கொள்வார்க்குக் கல் கடவுளாதலும் இல்லை. கடவுள் கல்லாதலும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தும் தமிழகத்தும் பாதிரிமார் சைவத் திருமேனி வழிபாட்டை விக்கிரகாராதனையென இகழ்ந்தபோது, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனுழைத்த ஆறுமுக நாவலர், 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டு, அவர்தம் மறையிலுள்ள ஆலயக் கிரியைகளை எடுத்துக்காட்டியே விடையிறுத்தார். அவ்விடைக்கு அந்நூற்பயிற்சி பெருந்துணையாயிற்று. பிறர் கோயிலில் உள்ள உருவத்தைச் சுட்டும் விரல், தன் நெஞ்சில் உள்ளதனைச் சுட்டுதல் அரிது.

இது கேட்டுச் சைவர் நகுதற்கில்லை. முதல் மரியாதை யார்க்கென்று வழக்காடிச் சந்நிதியைப் பூட்டிவைப்பாரும், உபயத்தைச் சுருக்கி உபயகாரர் பெயரைப் பெருக்கிச் சுவரெல்லாம் பொறிப்பாரும், கருவறையில் இறைவனை வைத்துக் கொண்டே தம்மைத் தாம் வணங்குபவராவர். கருவறையில் திருமேனி உளதாதல் மட்டும் அவரைக் காவாது. தேவாலயத்தில் உருவம் இலதாதல் மட்டும் கிறித்தவரையும் காவாது. எச்சமயத்தாராயினும், இறைவன் மகிமைக்கு எதிர்நிற்பது தம்முள் யாதென நாடோறும் ஆராய்ந்து அதனை அவன் திருமுன் வைத்து ஒழிப்பாரே விக்கிரகத்தை உடைத்தவராவர்.