மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. “சார், இந்தத் தடவை நாங்கள் கேமரன் மலைக்குப் போகிறோம்” என்று பிள்ளைகள் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நல்ல காரியம். வெயிலில் செம்பனைக் குலை தள்ளும் நமக்கும் இரண்டு நாள் குளிர்காற்று வேண்டியதுதானே!

தாப்பாவிலிருந்து பஸ் வளைந்து ஏறும்போதே காது அடைக்கும். வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி. அதைத் தாண்டினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள்.

1885-இல் இம்மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தப் பச்சைச் சரிவில் நின்று படம் எடுக்கும்போது, கூடை சுமந்து கொழுந்து பறித்த நம் தாய்மாரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இருபத்திரண்டு மாணவர்களைப் பாரிட் அருவிக்கு நடத்திச் சென்றேன். புறப்படும்போது எண்ணினேன், வழியில் எண்ணவில்லை. அருவியில் எண்ணினால் இருபத்தொன்று! என் கால்கள் நடுங்கிவிட்டன. அரை மணி நேரம் கூவித் தேடினோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், கிளைப்பாதையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். “வழி தெரியாவிட்டால் நடக்காதே, உட்கார்ந்து கூப்பிடு என்று அப்பா சொல்லியிருக்கிறார் சார்” என்றான். அவன் அப்பா செம்பனை வெட்டுபவர். என் பயிற்சிச் சான்றிதழ் கற்றுத் தராததை அவர் தம் மகனுக்குக் கற்றுத் தந்திருந்தார்.

அந்தக் காடு விளையாட்டல்ல. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவில் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளியே போனார், திரும்பவில்லை. போலீசாரும் பூர்வகுடி மக்களும் தேடியும் சுவடு கிடைக்கவில்லை.

ஆகவே பெற்றோரே, காட்டுப் பாதையில் இறங்குமுன் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மழையும் மூடுபனியும் வரும். கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். காட்டுக்குள் அது பல இடங்களில் பேசாது. பாதை பிரியும் இடமெல்லாம் தலையை எண்ணுங்கள்.

இன்னொன்று. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் பாசியையோ கெண்டிச் செடியையோ பிடுங்க வேண்டாம். மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஓடைக்குத் தருவது அந்தப் பாசிதான்.

போய் வாருங்கள். எத்தனை பேர் போனீர்களோ, அத்தனை பேரும் திரும்பி வாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.