பாதி உண்மையும் விண்வெளிப் போரும்

விண்வெளிப் போர் நாவல்களில் கதைமாந்தர் பலராதலின் மனம் மயங்கும் என்பர் சிலர். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லெவயதன் வேக்ஸ்’ என்னும் நூலைக் கற்ற யாம் அவ்வாறு கருதுகிலோம். அதன் ஆசிரியராகிய ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பார் ஒருவரல்லர். டேனியல் ஏப்ரகாம், டை ஃபிராங்க் என்னும் இருவர் பூண்ட புனைபெயர் அது. கதையும் பெரும்பாலும் இருவர் வழியே மாறிமாறி நடக்கின்றது: ஓர் அத்தியாயம் கப்பலதிகாரி ஹோல்டன் கண்டது; அடுத்தது சீரீஸ் என்னும் குறுங்கோளில் துப்பறிவோனாகிய மில்லர் கண்டது. ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியான். இருவரும் அறிந்ததை யாம் அறிவோம். எம் நெஞ்சம் பதைத்தது அதனாலேயே.

சனிக்கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டி கொணரும் ‘கான்டர்பரி’ என்னுங் கப்பல், இன்னாரென்று அறியாத பகைவரால் தகர்க்கப்படுகின்றது. உயிர்தப்பிய ஹோல்டன், செவ்வாய்க் கோளாரைச் சுட்டும் சான்றொன்றைக் கதிரவ மண்டலம் முழுதுங் கேட்க அறிவித்துவிடுகின்றான். அவன் பொய் கூறவில்லை. ஆயின் முழு உண்மையும் கூறவில்லை. மில்லரின் நகரிலோ கலகம் மூளுகின்றது! படைக்கலங்கள் வெடிக்கும் பக்கங்களைவிட இப்பகுதியே எம்மை நடுங்கச் செய்தது.

ஹோல்டன் அதனை என்றும் மறைத்திருத்தல் வேண்டுமென்று யாம் சொல்லோம். எனினும், அச்சான்றினை அங்கு வைத்தவர் யாவரென ஒருநாளேனும் ஆராய்ந்திருக்கலாம். மில்லர் குடிகாரனே, ஆயினும் முழுதும் துலங்குமுன் வாய்திறக்க ஒருப்படான். கப்பலுக்குத் தலைவனாக ஹோல்டனையே யாம் விரும்பினும், இவ்வழக்கில் எம் மனம் மில்லர்பாலே சாய்ந்தது.