தகடூர் தரும் பாடம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அந்நகர்மீது பெருஞ்சேரல் இரும்பொறை தொடுத்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்துவைத்த பாடல்களும், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியவையுமே எஞ்சின. பிறர் படியெடுத்த பகுதி பிழைத்தது, ஏனையது அழிந்தது.

கணினி குறித்து எழுதும்போது இதை நினைவுகூரக் காரணம் உண்டு. இணையத் தமிழ் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களில் சிதறிக் கிடந்த நாள்களில், அதை யுனிகோடுக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவர் தகடூர் கோபி. 2018-இல் மறைந்த அவர் தம் கருவிகளுக்குத் தகடூர், அதியமான் என்றே பெயரிட்டிருந்தார். அவை உலாவிக்குள்ளேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள். அவ்வகைப் பக்கம் ஒன்றைச் சேமித்துக்கொண்டவரிடம் கருவியும் இருக்கும். அதன் நிரலும் இருக்கும்.

இன்றைய வலைச்செயலிகள் பெரும்பாலும் அப்படியல்ல. உலாவியில் நாம் காண்பது முகம் மட்டுமே. வழங்கியில் ஓடும் நிரல், தரவுத்தளம், பிறர் எழுதிய நிரலகங்கள் ஆகியவை பின்னால் இருக்கின்றன. அதில் ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறவர் இவை அனைத்தையும் முதலில் தம் கணினியில் அமைத்துக்கொள்ள வேண்டும். பைத்தானில் எழுதிய செயலி என்றால் அம்மொழியின் உரிய பதிப்பு, பிற வேலைகளோடு கலவாத தனிச்சூழல், தேவையான நிரலகங்கள், தரவுத்தள அட்டவணைகள், கடவுச்சொற்களைக் கொண்ட அமைவுக்கோப்பு என்று ஒவ்வொன்றும் பொருந்த வேண்டும். பொருந்தினால், தன் கணினியையே சுட்டும் 127.0.0.1 என்ற முகவரியில் செயலி திறக்கும். ஒரு பதிப்பெண் மாறினாலும் பிழைச்செய்திதான் மிஞ்சும். கேட்டால், "என் கணினியில் ஓடுகிறதே" என்பது நிரலாளர்களின் வழக்கமான விடை.

உதவ முன்வருகிறவர்களில் பலர் இந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை. மூலநிரலை வெளியிட்டுவிட்டால் ஒரு செயலி சட்டப்படி கட்டற்றதாகலாம். மற்றொருவர் அதைத் தம் கணினியில் எழுப்ப முடியும்போதுதான் உண்மையில் பொதுச்சொத்தாகிறது. உ.வே.சா. தாம் ஒப்பிட்ட ஏட்டுப்பிரதிகள் எவை, யாரிடமிருந்து கிடைத்தன என்பதைப் பதிப்பு முன்னுரைகளில் எழுதிவைத்தார். எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எந்த அமைவு என்று எழுதிவைப்பதும் அதே கடமையின் தொடர்ச்சிதான்.

டாக்கர் இருக்கையில் இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எழுப்பித் தருவது அதன் சிறப்பு, மறுக்கவில்லை. ஆனால் அது நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளைத் தரவிறக்கச் சொல்லும். நினைவகத்தையும் மிகுதியாகக் கேட்கும். அரூரிலோ பென்னாகரத்திலோ பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கைப்பேசியின் தரவுக்கட்டணத்தில் இணையம் பார்க்கும் மாணவருக்கு அது எளிய வழியன்று. டாக்கர் வழியும் இருக்கட்டும். அது இல்லாத வழியும் எழுதப்பட வேண்டும். சோதித்துப் பார்க்கச் சிறியதொரு மாதிரித் தரவுத்தளமும் உடன் இருக்க வேண்டும்.

இவை நடவாத காரியங்கள் அல்ல. பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நிரலகத்தை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் நுட்பங்களைத் தமிழில் எழுதலாம் என்பதைக் கணியம் இதழ் 2012 முதல் காட்டிவருகிறது. குறைவது திறமையன்று, பழக்கமே.

நாம் அன்றாடம் நாடும் தமிழ் அகராதிகள், எழுத்து மாற்றிகள், பிழைதிருத்திகள் பலவற்றை ஓரிருவரே தம் கைப்பொருளைச் செலவிட்டுக் காத்துவருகிறார்கள். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஒன்றும் நிறுவப்படாத ஒரு கணினியில், உங்கள் செயலியை அறியாத ஒருவரை அமர்த்தி நிறுவச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களையெல்லாம் தமிழில் குறித்து, நிரலோடு சேர்த்து வெளியிடுங்கள். தகடூர் யாத்திரைக்கு ஒரு புறத்திரட்டாவது வாய்த்தது. நிரலிலிருந்து நான்கு வரிகளைப் பிறர் எடுத்துவைத்தாலும் செயலி பிழைக்காது.