கருப்புப் பூஞ்சையும் நெசவாளர் கண்ணும்

2021-ம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார், 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, கருப்புப் பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய வியாதியாகப் பிரகடனம் செய்தனர். செய்தது சரியே. ஆனால் அப்பிரகடனம் நோயாளிகளை எண்ணுமேயன்றி நோயைத் தடுக்காது. ஜூன் முடிவதற்குள் தேசத்தில் பீடிக்கப்பட்டோர் 40,000-ஐத் தாண்டினர். ஆம்போடெரிசின் மருந்துக்கு ஜனங்கள் ஊர் ஊராய் அலைந்தனர். அதன் மீதிருந்த வரியை நீக்கவே ஜூன் மாதம் ஆயிற்று!

இப்பூஞ்சையின் வித்து மண்ணிலும் காற்றிலும் எங்கும் உள்ளது. திடகாத்திரமுள்ளோரை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. நீரிழிவு அடங்காதவர், ஸ்டீராய்டு மருந்தை அளவு கடந்து உட்கொண்டவர் ஆகியோரின் மூக்கினுள் வேரூன்றி, எலும்பை அரித்து, சில தினங்களிலேயே கண்ணையும் மூளையையும் பற்றுகிறது.

கொரோனா அலை ஓய்ந்தது, நீரிழிவு ஓயவில்லை. காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு ஜரிகை இழையைப் பார்க்கும் கண்ணே மூலதனம். மூக்கடைப்பையும் ஒருபக்கத் தலைவலியையும் வெறும் சளியென்று எண்ணி, ஒரு நாள் கூலிக்கு அஞ்சி அவர் கடை மாத்திரையை விழுங்கலாகாது. கன்னம் மரத்தாலும், இமை வீங்கினாலும், மூக்கிலிருந்து கருமையாக ஒழுகினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வைத்தியர் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்கலாகாதென்ற சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் கடைவீதியில் அமுல் நடத்த அதிகாரிகளுக்கு இன்னும் என்ன தடை?